பிரிண்ட் சர்வர் வாங்கும் முன் பிரிண்டரின் முதுகைப் பாருங்கள்

பென்டிரைவில் கோப்பை ஏற்றிக்கொண்டு பிரிண்டர் இருக்கும் அறைக்கு ஓடும் வீடுகளுக்காக இது. பிரிண்ட் சர்வர் என்பது பிரிண்டருக்கும் வீட்டு நெட்வொர்க்குக்கும் நடுவில் நிற்பது. எந்தக் கணினி அனுப்பினாலும் வாங்கி பிரிண்டருக்குக் கொடுக்கும்.

முதலில் பிரிண்டரைத் திருப்புங்கள். சதுரமான யூஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் ஈதர்நெட் துளை (நெட்வொர்க் கேபிள் செருகும் இடம்) இருக்கிறதா? மெனுவில் வைஃபை உண்டா? ஏதாவது ஒன்று இருந்தால் கடைக்கே போக வேண்டாம், சர்வர் உள்ளேயே இருக்கிறது. சதுரத் துளை மட்டும்தான் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அடுத்து மாடல் எண். பலர் கோட்டை விடுவது இங்கேதான். விலை குறைந்த லேசர் பிரிண்டர்கள் பலவற்றில், பக்கத்தை வரைந்து கொடுக்கும் வேலையைக் கணினியில் உள்ள டிரைவர் மென்பொருள்தான் செய்கிறது. எச்பி லேசர்ஜெட் 1020ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு முறை சுவிட்ச் போட்டதும் டிரைவர் ஃபர்ம்வேரை, அதாவது பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, ஏற்றினால்தான் அது வேலைக்கு வரும். கேனன் எல்பிபி 2900, கேப்ட் என்ற தனி மொழியில் கணினியோடு பேசும். கடையில் விற்கும் சாதாரண பிரிண்ட் சர்வர் பெட்டிக்கு இதெல்லாம் தெரியாது. நானும் பார்க்காமல் ஒரு பெட்டி வாங்கினேன். பச்சை விளக்கு எரிந்தது, அச்சாகிவிட்டது என்று கணினி சொன்னது, தாள் மட்டும் அசையவே இல்லை. பெட்டி தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் மாடல் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஆல்-இன்-ஒன் என்றால் ஸ்கேனரும் வேலை செய்யுமா என்று தனியாகக் கேளுங்கள், பெரும்பாலும் செய்யாது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரு கணினி நாள் முழுக்க ஓடுகிறது என்றால் விண்டோஸில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து ஷேரிங்கில் டிக் போடுங்கள், செலவே இல்லை. அந்தக் கணினியை அணைத்தால் பிரிண்டரும் போச்சு, அவ்வளவுதான். ரவுட்டரில் யூஎஸ்பி துளை இருந்தால் அது பிரிண்டரை ஏற்குமா என்று கையேட்டில் பாருங்கள். சில ரவுட்டர்கள் பென்டிரைவோடு நின்றுவிடும். போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் என்ற பொதுவான அச்சு மொழிகள் தெரிந்த பழைய பிரிண்டருக்குப் பெட்டி போதும். என் ஓட்டு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓடும் கப்ஸ் என்ற அச்சு மென்பொருளுக்கு. லினக்ஸ் டிரைவர் கிடைக்க வேண்டும், ஒரு மாலை நேரம் போகும். ஆனால் ஐபோனிலிருந்தும் ஆப்பிளின் ஏர்பிரிண்ட் வசதி வழியாக அச்சடிக்கலாம்.

பெட்டியே வாங்கினீர்கள் என்றால், ரவுட்டரின் டிஎச்சிபி (முகவரி வழங்கும்) பக்கத்தில் அதற்கு ஒரு ஐபி முகவரியை ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி, பிரிண்டர் ஆஃப்லைன் என்று விண்டோஸ் அடம்பிடிக்கும். அப்புறம் ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டர் சேர்க்கும்போது டிசிபி/ஐபி முகவரியைத் தேர்ந்தெடுத்து அதே எண்ணைக் கொடுங்கள். போர்ட் எண் பொதுவாக 9100. சோதனைப் பக்கம் வரவில்லையா? போர்ட் அமைப்பில் எல்பிஆர் என்ற இன்னொரு அனுப்பும் முறைக்கு மாற்றி, கையேட்டில் உள்ள கியூ (அச்சு வரிசை) பெயரை எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால்கூடச் சில பெட்டிகள் ஏற்காது.