பைக் ஹெட்லைட் மங்கலா? ரிலே போட்டுப் பாருங்கள்

சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் எச்ஐடி கிட் (ஹாலோஜனைவிட அதிக வெளிச்சம் தரும், வாயுவில் ஒளிரும் பல்பு செட்) வாங்கக் கிளம்பும் முன், ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டதா என்று பாருங்கள், பாலிஷ் போட்டாலே நல்ல வித்தியாசம் தெரியும். ஹாலோஜனுக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் எச்ஐடி பல்பை மாட்டினால் வெளிச்சம் கண்டபடி சிதறி ஈசிஆரில் எதிரே வருகிறவர் கண்ணைப் பறிக்கும், மழையில் உங்களுக்கே சாலை தெரியாது. வெளிச்சத்தைக் குவித்து அனுப்பும் புரொஜெக்டர் லென்ஸ் இல்லாமல் அது வேண்டவே வேண்டாம்.

என்னைக் கேட்டால் ரிலே வயரிங்தான் முதல் வேலை. ரிலே என்பது ஹெட்லைட் சுவிட்சிலிருந்து வரும் சிறு கரண்டால் இயங்கி, பெரிய கரண்டைத் திறந்துவிடும் தானியங்கி சுவிட்ச். மெல்லிய வயரிலும் சுவிட்சிலும் வோல்டேஜ் வீணாகாமல், பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக நேரே பல்புக்கு கரண்ட் போகும் (இன்ஜின் ஓடினால் மட்டும் எரிகிற பழைய ஏசி கரண்ட் லைட்டுக்கு இது சரிப்படாது). உங்கள் ஹாலோஜன் பல்பு எச்எஸ்1 வகை என்றால் 35 வாட்டோடு நிறுத்துங்கள், 100 வாட் போட்டால் ஹோல்டர் உருகிவிடும்.

அப்புறம், வண்டியில் உட்கார்ந்தபடியே சுவரில் டிப் (லோ பீம்) அடித்துப் பாருங்கள், வெளிச்சம் ஹெட்லைட் உயரத்துக்குக் கீழேயே விழ வேண்டும்.