பூநாரை பார்க்க சூலூர்பேட்டை பக்கம் போகிறீர்களா?

பழவேற்காடு ஏரியில் பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்க எல்லோரும் டிசம்பரிலேயே கிளம்பிவிடுகிறார்கள். மழை நன்றாகப் பெய்த வருடம் என்றால் ஜனவரி கடைசி வரை பொறுப்பது நல்லது. தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்தால்தான் அவை கரைப் பக்கம் வரும். சென்னையிலிருந்து சூலூர்பேட்டைக்கு மின்சார ரயில் இருக்கிறது. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவிலேயே செல்கிறது.

சாலை கிழக்கு நோக்கிப் போவதால், இடது பக்கம், அதாவது வடக்கே இருக்கும் பறவைகளைப் பாருங்கள். குளிர்காலத்தில் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து விழும். அதனால் வடக்குப் பக்கம்தான் இறக்கையின் சிவப்பு பளிச்சென்று தெரியும். வலது பக்கம் வெறும் நிழலுருவம்தான். பூநாரை காலால் சேற்றைக் கிளறி, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து வடிகட்டித் தின்பதைப் பைனாகுலரில் நிதானமாகப் பாருங்கள். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் இருப்பவை வேறு இனமில்லை, இளம் பறவைகள்.

வண்டியை விட்டு இறங்காமல் பார்த்தால் அவை மிரளாது. ட்ரோன் வேண்டவே வேண்டாம்; சாலையின் கடைசியில் ராக்கெட் ஏவுதளம் இருக்கிறது!

மறுநாள் காலை நேலப்பட்டு பறவைகள் சரணாலயம். கூழைக்கடாக்கள் தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும். தொப்பி அவசியம், வெயிலுக்கு மட்டுமல்ல, எச்சத்துக்கும்தான்.