இசை வாழ்த்து அட்டை: எங்கே சறுக்குகிறோம்?

சித்தப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு வருஷம் நானே அட்டை செய்தேன். அவர் வயலின் வாசிப்பவர். ஐந்து கோடு இழுத்து, கறுப்பு முட்டைக்கு வால் வைத்தாற்போல் பத்துப் பன்னிரண்டு இசைக்குறிகளை அதன்மேல் தூவிவிட்டேன். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. அட்டையை வாங்கியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முணுமுணுத்துப் பார்த்தார். பாதியில் நிறுத்தி, "இது என்ன பாட்டுப்பா?" என்றார்.

நான் கோலம் போட்டதாக நினைத்திருந்தேன், அவர் அதை எழுத்தாகப் படித்தார். எழுத்துப்பிழையோடு தொங்கும் பெயர்ப்பலகை நம் கண்ணை உறுத்துவதில்லையா, அதே கதைதான். இசை தெரிந்த உறவினருக்கு அட்டை செய்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

கோடுகள் ஐந்து. அதைக்கூட நாலாகவும் ஆறாகவும் போட்டுவிடுகிறார்கள். குறியின் தலை நடுக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அதன் காம்பு வலப்பக்கத்திலிருந்து மேலே ஏறும். நடுக்கோட்டிலோ அதற்கு மேலோ இருந்தால் இடப்பக்கத்திலிருந்து கீழே இறங்கும். காம்பில் தொங்கும் கொடி எந்த நிலையிலும் வலப்பக்கம்தான். தொடக்கத்தில் வரும் ட்ரெபிள் கிளெஃப் என்ற சுருள் குறியின் சுழி, கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கோடுதான் 'ஜி' சுரம் என்று காட்டவே அந்தக் குறி இருக்கிறது. சுழி வேறு கோட்டில் போய் உட்கார்ந்தால் தெரிந்தவர்களுக்கு உடனே நெருடும்.

கண்டபடி தூவுவதற்குப் பதில், எல்லோருக்கும் தெரிந்த பிறந்தநாள் பாட்டின் முதல் ஆறு சுரங்களை எழுதிவிடலாம். மேற்கத்திய இசைப் பெயர்களில் அவை ஜி, ஜி, ஏ, ஜி, சி, பி. ஜி வரும்போதெல்லாம் இரண்டாவது கோடு, ஏ அதற்கு மேல் உள்ள இடைவெளி, சி மூன்றாவது இடைவெளி, பி நடுக்கோடு. தாளத்தில் முதல் இரண்டும் அரைத்தட்டு நேரம், அவற்றுக்கு மட்டும் கொடி. அடுத்த மூன்றும் ஒவ்வொரு தட்டு, கொடி வேண்டாம். கடைசியது இரண்டு தட்டு. தலையைக் கறுப்படிக்காமல் வெறும் வளையமாக விடுங்கள். உறவினர் சுரம் சொல்லிப் பழகியவர் என்றால் கோடே வேண்டாம், "ப ப த ப ஸ நி" என்று எழுதி ஸ-வின் தலையில் மேல் ஸ்தாயிக்கான புள்ளியை வைத்தால் முடிந்தது. இப்போது அவர் முணுமுணுத்தால் பாட்டு வரும்!

பியானோ கட்டைகளிலும் இதே ஆபத்து உண்டு. கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டமாக வரும். எல்லா வெள்ளைக்கும் நடுவில் ஒவ்வொரு கறுப்பு என்று வரிசையாகப் போட்டால் அது வரிக்குதிரைதான். வயலினுக்குத் தந்தி நாலு, சாதாரண கிட்டாருக்கு ஆறு. எண்ணிப் போடுங்கள்.

பழைய இசைப் புத்தகத்தின் தாளைப் பின்னணியாக ஒட்டுவது நல்ல யோசனை. ஆனால் தலைப்பைப் படித்துவிட்டு ஒட்டுங்கள். இரங்கல் பாட்டின் தாளில் பிறந்தநாள் வாழ்த்து எழுதினால் எப்படி இருக்கும்! புத்தகத்தைக் கிழிக்கவும் வேண்டாம், நகல் எடுத்தாலே போதும்.

இன்னொரு தவறு, இசை என்றதும் கிட்டார், டிரம்ஸ், மைக் எல்லாவற்றையும் ஒரே அட்டையில் திணிப்பது. எதையும் வாசிக்காமல் சமையலறையில் ரேடியோ கேட்டே வளர்ந்த அத்தைக்கு மின்கிட்டார் எதற்கு? ரேடியோவையே வரையுங்கள். கேசட் காலத்து மாமாவுக்கு 60 வயதென்றால் வேலை இன்னும் சுலபம். பக்கத்துக்கு 30 நிமிடமாக ஒரு மணிநேரம் ஓடும் கேசட்டின் பெயரே சி60. அதை வரைந்து அந்த எண்ணைப் பெரிதாக எழுதினால் தனியாக வயது சொல்ல வேண்டாம். 45 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்ன ரெக்கார்டு இருக்கிறது. 33 என்றால் எல்பி என்கிற பெரிய ரெக்கார்டு. அது சுற்றுவது 33⅓ என்பதால், கச்சிதமாக இருக்க வேண்டும் என்பவர்கள் பிறந்தநாளுக்கு நாலு மாதம் கழித்துக் கொடுக்கலாம். வயதை வெளியில் சொல்லப் பிடிக்காதவர் என்றால் இந்த விளையாட்டே வேண்டாம்.

சரி, தாளுக்கு வருவோம். அச்சிடும் சாதாரணத் தாள் 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம், நிமிர்ந்து நிற்காது. 200-க்கு மேல் உள்ள அட்டை வாங்குங்கள். அதை வெறும் கையால் மடித்தால் மடிப்பு வெடித்து நார் தெரியும். மை தீர்ந்த பேனாவை ஸ்கேல் ஓரமாக அழுத்தி இழுத்து, அந்தத் தடத்தில் மடிக்க வேண்டும். தாளின் இழை ஓடும் திசை மடிப்போடு ஒத்துப்போனால் இன்னும் நல்லது. அட்டையை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் இணங்குகிறது என்று கையே சொல்லிவிடும். வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவினால் தாள் சுருங்கும், பசைக்குச்சி போதும். ஜெல் பேனாவில் எழுதிய கையோடு அட்டையை மூடவும் வேண்டாம்.

திறந்தால் பாட்டுப் பாடும் சின்னக் கருவியை உள்ளே வைக்க ஆசையா? அதில் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டு மணிநேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக்கூடியது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதைக் கொடுக்காதீர்கள். நீங்களே பாடிப் பதிவு செய்து, இணையத்தில் ஏற்றி, அதன் இணைப்பை க்யூஆர் கோடாக ஒட்டினால் இந்தப் பயம் இல்லை. அதிலும் சில வழுக்கல்கள் உண்டு. கோடைச் சுற்றி வெள்ளை ஓரம் விடாமல் வெட்டிவிடுவார்கள், இல்லையென்றால் மேலே ஜிகினா ஒட்டுவார்கள். இரண்டுமே ஸ்கேன் ஆவதைக் கெடுக்கும். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் அச்சிட்டு, வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். உங்கள் போனில் நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். அவர் திறந்தால் அனுமதி கேட்டு நிற்கும்.

உள்பக்கத்தில் "வாழ்க்கை இனிய ராகமாகட்டும்" என்று எழுதக் கை துறுதுறுக்கும். யாருக்கும் பொருந்தும் வரி அது. மறு வருஷம் சித்தப்பாவின் அட்டையில், சின்ன வயதில் நான் அவருடைய வயலின் வில்லை வாளாக்கி விளையாடியதை இரண்டு வரியில் எழுதினேன். முன்பக்கம் அதே ஆறு சுரம். இந்த முறை அவர் முணுமுணுத்துவிட்டு, மீதியை வயலினை எடுத்து வாசித்தார்.

அப்புறம், உறை. ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் ஏ5 அளவு, அதற்கு சி5 உறை சரியாக இருக்கும். மேலே அடுக்கடுக்காக ஒட்டுவதாக இருந்தால் ஒட்டும் முன்பே ஒருமுறை உள்ளே நுழைத்துப் பார்த்துவிடுங்கள்.