மருத்துவக் காப்புறுதிப் பத்திரத்தில் உங்கள் செலவுப் பங்கைக் கண்டறிவது எப்படி?

அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பதால், மலையகத்தில் பலர் காப்புறுதிப் பத்திரத்தைப் பிரித்துப் படிப்பதே கண்டியிலோ கொழும்பிலோ தனியார் வைத்தியசாலையின் பில் கைக்கு வந்த பிறகுதான். பத்திரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் காப்புறுதித் தொகையை விட, செலவில் நம் பங்கைச் சொல்லும் நிபந்தனைகளையே முதலில் பார்க்க வேண்டும்.

‘எக்ஸஸ்’ அல்லது கழிவுத் தொகை என்பது, நிறுவனம் ஒரு சதமேனும் கொடுப்பதற்கு முன் நாம் ஏற்க வேண்டிய பணம். வாகனக் காப்புறுதியிலும் வருவதால், முச்சக்கர வண்டி வைத்திருப்போருக்கு இது பழகிய சொல்தான். அது ஆண்டுக்கு ஒருமுறை கழிக்கப்படுமா, நிறுவனத்திடம் பணம் கோரும் ஒவ்வொரு முறையும் கழிக்கப்படுமா என்று கேளுங்கள்.

‘கோ-பேமன்ட்’ என்பது நூற்றுக்கு இவ்வளவு என நாம் ஏற்கும் பங்கு. இரண்டும் ஒரே பத்திரத்தில் இருந்தால், எது முதலில் கணக்கிடப்படுகிறது என்பதும் முக்கியம். உதாரணமாக பில் 2,00,000 ரூபாய், எக்ஸஸ் 20,000, கோ-பேமன்ட் 10 சதவீதம் என்று கொள்வோம். எக்ஸஸை முதலில் கழித்தால் மீதி 1,80,000இல் 18,000 நம்முடையது. எக்ஸஸையும் சேர்த்தால் நம் பங்கு மொத்தம் 38,000. முழு பில்லுக்கும் சதவீதம் போட்டு, அதன்பின் எக்ஸஸைக் கழித்தால் 40,000 ஆகிவிடும்.

எக்ஸஸ் கூடினால், காப்புறுதிக்காக நாம் செலுத்தும் கட்டுப்பணம் (பிரீமியம்) குறையும் என்று முகவர் சொல்வது உண்மைதான். ஆனால் அவசரத்துக்கு அந்த 20,000த்தைப் புரட்ட நகையை அடகு வைக்க வேண்டிய குடும்பத்துக்கு அது மலிவான காப்புறுதி அல்ல என்பதே என் கருத்து.

அறை வாடகை, சத்திரசிகிச்சை போன்றவற்றுக்குத் தனித்தனி உச்சவரம்புகளும் இருக்கலாம். ‘உச்சவரம்பு’ என்ற சொல்லைக் கண்டு ஆறுதல் அடைந்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது நிறுவனம் கொடுக்கும் பணத்துக்கான எல்லையே. அதைத் தாண்டிய செலவு முழுவதும் நம் தலையில்தான் விழும். அரச பாடசாலை ஆசிரியர்கள் அரச ஊழியர்களுக்கான தங்கள் ‘அக்ரஹார’ காப்புறுதியிலும் இவ்வரம்புகளைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கையொப்பமிடுவதற்கு முன், மேலே சொன்ன 2,00,000 ரூபாய் பில்லையே முகவரிடம் கொடுத்து, நிறுவனம் எவ்வளவு கொடுக்கும், நாம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.