தீராத மடிநோய்: மருந்து கிருமிவரை போய்ச் சேர

மடிநோய் வந்த மாட்டின் காம்புத் துவாரம் வழியாக ஆன்டிபயாடிக் மருந்து ட்யூப் ஏற்றியதும் வீக்கம் வடிகிறது, கொஞ்ச நாளில் அதே காம்பில் மறுபடி திரிதிரியாகப் பால் வருகிறது என்றால், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியைச் சந்தேகியுங்கள். அது மடியின் செல்களுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். சுற்றிலும் தழும்பு வளர்ந்து சிறு கட்டிகளாகும். எவ்வளவு வீரியமான மருந்தும் அங்கே எட்டாவிட்டால் வீண்தான்.

மருந்து தொடங்கும் முன்பே பால் மாதிரி எடுத்துவிடுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் சில பீச்சலைத் தனிப் பாத்திரத்தில் விட்டு, கிருமி நீக்கிய பாட்டிலைச் சாய்வாகப் பிடித்து 5 மில்லி போலப் பிடித்தால் போதும். ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று தெரியும். பெனிசிலினுக்கு அசையாத ஆரியஸ் வகைகள் உண்டு; மருந்தைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ட்யூப் ஏற்றுமுன் மடியை ஒட்டக் கறந்துவிட வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். திரியும் சீழும் தேங்கிய மடியில் மருந்து அவற்றிலேயே சிக்கி, மேலே பரவாது. பால் இறங்காத மாட்டுக்கு மருத்துவர் ஆக்ஸிடோசின் போடுவார்.

மடி ஈரமின்றி இருக்கட்டும். 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால், அழுக்கு ஒட்டாமல் வரும்வரை காம்பு நுனியைத் துடையுங்கள், காம்புக்கு ஒரு பஞ்சு. பல காம்புகளுக்குப் போடுவதானால் எட்ட இருப்பதை முதலில் துடைத்து, கிட்ட இருப்பதில் முதலில் மருந்தேற்றினால், துடைத்த காம்பில் கை உரசாது. ட்யூப் முனை 3 மில்லிமீட்டர் நுழைந்தால் போதும். முழுதாகச் செருகினால் காம்புத் துவாரத்தைக் காக்கும் கெராட்டின் அடைப்பு கிருமியோடு உள்ளே தள்ளப்படும். மெதுவாக அழுத்தி ஏற்றி, நுனியைப் பிடித்துக்கொண்டு மருந்தை மேல்நோக்கி நீவிவிடுங்கள். பிறகு காம்பை அயோடின் கரைசலில் முக்கி, தீவனம் போட்டு அரைமணி நேரம் மாட்டைப் படுக்கவிடாதீர்கள்.

ஒரு ட்யூபை இரண்டு காம்புக்குப் பங்கிடவே கூடாது. ஊசி மருந்தைச் சிரிஞ்சில் எடுத்துக் காம்புக்குள் விடுவதும் ஆபத்து. அந்த வழியாக ஈஸ்ட் என்ற பூஞ்சை நுழைந்துவிட்டால் எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காது.

வீக்கம் வடிந்தாலும் கிருமி உள்ளே இருக்கும், பாதியில் நிறுத்தாதீர்கள். ஆரியஸுக்கு 5 முதல் 8 நாள்வரை மருத்துவர் நீட்டிப்பதுண்டு. மடி கல்லாக வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் பால்குழாய்கள் அடைத்திருக்கும். ட்யூபோடு ஊசியும் வீக்கம் குறைக்கும் மருந்தும் வேண்டும்.

கறவையில் தீராததற்கு நல்ல வாய்ப்பு வற்றுக்காலம். கன்று ஈனுவதற்கு சுமார் 60 நாள் முன்பு, கடைசிக் கறவை முடிந்ததும், வற்றுக்காலத்துக்கென்றே வரும் ட்யூபை நான்கு காம்பிலும் ஏற்றுங்கள். பிறகு கறப்பதில்லை என்பதால் மருந்து வாரக்கணக்கில் மடியிலேயே தங்கும்.

பல ஈத்து கண்ட மாடு, மடியில் கைக்குத் தட்டுப்படும் கட்டிகள், இரண்டு மூன்று காம்பில் நோய் என்றால் குணமாகும் வாய்ப்பு குறைவு. அந்தக் காம்பை நிரந்தரமாக வற்ற வைப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறங்கள். ஒரு காம்புக்கு மருந்து போட்டாலும், லேபிளில் சொன்ன நாள்வரை நான்கு காம்புப் பாலையும் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள், கன்றுக்கும் கொடுக்காதீர்கள்.