பாக்ஸிங் பிபிவி வாங்குறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிபிவின்னா பே-பெர்-வியூ, அதாவது ஒரு ஃபைட்டை பார்க்க தனியா காசு கட்டுறது. பெரிய ஃபைட் ஒண்ணு அனவுன்ஸ் ஆனா போதும், உடனே "என்னடா இது 85 டாலரா, பகல் கொள்ளையா இருக்கே"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. கொள்ளைதான், இல்லேங்கல. ஆனா முக்கால்வாசி பேரு அந்த ஒரு நம்பரை மட்டும் பார்த்து திட்டிட்டு, நிஜமா பணம் ஒழுகுற ஓட்டையை அப்படியே விட்டுடுறாங்க, முதல் தப்பே அதுதான்.

கொஞ்சம் கணக்கு போட்டு பாருங்க. 1991ல ஹோலிஃபீல்டும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதினப்போ அமெரிக்காவுல பிபிவி விலை 35 டாலரை ஒட்டி இருந்துச்சு. அந்த 35ஐ விலைவாசி கணக்குல இன்னைக்கு கொண்டு வந்தா 80 டாலர் பக்கம் வந்து நிக்கும். 2007 டி லா ஹோயா - மேவெதர் 54.95, அதுவும் இன்னைய கணக்குக்கு 80ஐ தாண்டிடும். ஆக ஒரு ஃபைட்டோட விலை மட்டும் பார்த்தா தலைதெறிக்க ஏறிடலை (2015 மேவெதர் - பாக்கியாவோ மட்டும் விதிவிலக்கு, எச்டியில 99.95, அது தனி கதை). ஏறினது வேற. முன்னாடி எச்பிஓங்கிற அமெரிக்க கேபிள் சேனலுக்கு சந்தா கட்டினா போதும், வருஷம் முழுக்க நல்ல நல்ல ஃபைட் அதுலயே வந்துடும், நிஜமாவே பெரிய மேட்ச் மட்டும்தான் பிபிவிக்கு போகும். 2018 கடைசில எச்பிஓ பாக்ஸிங்கை விட்டு போச்சு, 2023 கடைசில அதே மாதிரி இன்னொரு சேனலான ஷோடைமும் பாக்ஸிங் கடையை மூடிடுச்சு, இப்போ ஒரு ஃபைட் இந்த ஆப்ல, அடுத்தது அந்த ஆப்ல, முன்னாடி சந்தாவுலயே வந்திருக்க வேண்டிய மேட்ச் எல்லாம் தனி காசு. அதனால "இந்த ஃபைட் எவ்ளோ"ன்னு கேக்குறதை விட "இந்த வருஷம் பாக்ஸிங்குக்கு மொத்தமா எவ்ளோ போச்சு"ன்னு கேளுங்க, கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து ஒரு தடவை கூட்டிப் பார்த்தா புரியும், பாதி பேருக்கு பிபிவியை விட சும்மா ஓடிட்டிருக்குற சந்தாதான் அதிகமா இருக்கும்.

டாஸோன்ங்கிற ஸ்போர்ட்ஸ் ஸ்ட்ரீமிங் ஆப் கதையையே எடுத்துக்கோங்க. 2018ல அமெரிக்காவுக்குள்ள வர்றப்போ மாசம் 9.99 டாலர், பிபிவி காலம் முடிஞ்சுதுன்னு விளம்பரம் வேற. அடுத்த வருஷமே மாச சந்தா 19.99. அப்புறம் 2022ல கனெலோ - பிவோல் வந்தப்போ அதே ஆப்ல பிபிவி, சந்தாதாரருக்கு 59.99, மத்தவங்களுக்கு 79.99. மாசாமாசம் கட்டினவனும் மறுபடி அறுபது டாலர் கட்டணும். இதுல கத்துக்க வேண்டியது என்னன்னா, "இந்த ஆப் எடுத்துட்டா இனி எல்லாமே உள்ள வந்துடும்"னு நம்பி வருஷ பிளானை போட்டுடாதீங்க. எந்த ஃபைட் உள்ள, எது தனின்னு பார்த்துட்டு மாச பிளான் எடுங்க, விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவால்ல, நிறுத்துற சுதந்திரம் உங்க கையில இருக்கும்.

வாங்குற பக்கத்துலயும் கண்ணு இருக்கணும். சில இடத்துல சந்தா இல்லாம பிபிவி வாங்கினா "முதல் மாசம் சேர்த்தே"ன்னு போட்டிருப்பாங்க, அதுக்கு கீழ பொடி எழுத்துல அடுத்த மாசத்துல இருந்து தானா புதுப்பிக்கும்னு இருக்கும். ஃபைட் ஹைப்ல அதை யாரு படிக்கிறா? வாங்கி முடிச்ச உடனே, மெயின் ஈவென்ட் வரைக்கும் காத்திருக்காம, அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய் ஆட்டோ ரினியூவலை ஆஃப் பண்ணுங்க. அப்படியே ஆஃப் பண்ணாலும் பிபிவி கையில இருக்குமான்னு அந்த பக்கத்துல ஒரு வரி போட்டிருப்பாங்க, அதையும் படிச்சுடுங்க.

அடுத்தது பேரை பார்த்து வாங்குறது. விலை ஜாஸ்தின்னா ஃபைட்டும் நல்லா இருக்கும்னு ஒரு நினைப்பு இருக்கே, அதை தூக்கி போடுங்க, ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. மேவெதர் - பாக்கியாவோ 46 லட்சம் பேர் வாங்கினாங்க, ரெக்கார்டு. மெயின் ஈவென்ட் தவிர அந்த பிபிவியில இருந்தது ரெண்டே ரெண்டு ஃபைட், லோமசென்கோ ஒண்ணு, லியோ சாண்டா க்ரூஸ் ஒண்ணு, ரெண்டுலயும் எதிராளி யாருன்னே பல பேருக்கு தெரியாது. மெயின் ஈவென்ட்டும் அஞ்சு வருஷம் லேட்டா வந்ததால சூடு ஆறிப் போய் 12 ரவுண்டு ஓடி முடிஞ்சுது. அண்டர்கார்டை, அதாவது மெயின் ஈவென்ட்டுக்கு முன்னாடி வர்ற மத்த ஃபைட்டுகளை பாருங்க சார். மெயின் ஈவென்ட் ஒரே ரவுண்டுல முடிஞ்சா மிச்ச ராத்திரிக்கு உங்களுக்கு கிடைக்கப் போறது அதுதான். டைசன் 1995ல ஜெயில்ல இருந்து வந்து மெக்நீலியோட மோதினப்போ 89 செகண்ட்ல முடிஞ்சுது.

"அப்படி ஏமாத்தினா ரீஃபண்ட் கேக்கலாமே"ன்னு சொல்றவங்களுக்கு: கேட்டு பார்த்துட்டாங்க, நடக்கல. 1997ல டைசன் ஹோலிஃபீல்டு காதை கடிச்சு மூணாவது ரவுண்டுல டிஸ்க்வாலிஃபை ஆனதுக்கு, பிபிவி காசை திருப்பி கொடுன்னு நியூயார்க்ல ரசிகர்கள் கேஸ் போட்டாங்க, கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. நீ காசு கொடுத்தது அங்க என்ன நடக்குதோ அதை பார்க்குறதுக்கு, அதை பார்த்துட்ட, அவ்ளோதான்ங்கிற மாதிரி தீர்ப்பு. 2015லயும் இதே கதை, பாக்கியாவோவுக்கு தோள்ல அடி இருந்தது ஃபைட் முடிஞ்ச அப்புறம்தான் வெளிய வந்துச்சு, அதுக்கு முன்னாடி பாக்ஸிங்கை கண்காணிக்கிற கமிஷனோட ஃபார்ம்ல தோள்ல காயம் இருக்கான்னு கேட்ட இடத்துல இல்லன்னு டிக் பண்ணியிருந்தாங்க. ரசிகருக்கு கோவம் வராதா? அமெரிக்காவுல பல மாநிலத்துல இருந்து கேஸ் போட்டு ஒண்ணா சேர்த்து நடத்தினாங்க, 2019ல அப்பீல் கோர்ட்டும் கைவிரிச்சிடுச்சு, முழு ஃபைட்டும் பார்த்தீங்கல்ல, ஏமாற்றம் ஆனதுக்கெல்லாம் நஷ்டஈடு கிடையாதுன்னு. 2024ல கார்சியா - ஹேனி இன்னும் கேவலம், கார்சியா எடையே சரியா வரல, ஜெயிச்சாரு, அப்புறம் ஊக்கமருந்து டெஸ்ட்ல மாட்டி ரிசல்ட்டே ரத்து. ஸ்ட்ரீம் வராம போனா மட்டும்தான் உங்க பக்கம் கொஞ்சம் பலம் இருக்கு, அதுக்கு எர்ரர் வந்த ஸ்க்ரீனை டைம் தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சு, அன்னைக்கு ராத்திரியே கம்ப்ளெயின்ட் போடணும், ரெண்டு வாரம் கழிச்சு ஞாபகம் வந்து கேட்டா வேலைக்கு ஆகாது.

ஸ்ட்ரீம்னு சொன்னதும் இன்னொண்ணு, கடைசி நிமிஷத்துல வாங்குறது. 2015 மேவெதர் - பாக்கியாவோல கேபிள்காரங்களால ஆர்டரை சமாளிக்க முடியாம மெயின் ஈவென்ட்டே தள்ளிப் போச்சு, 2017 மேவெதர் - மெக்ரெகர்லயும் ஆப் படுத்து அதே நிலைமை. முன்னாடியே லாகின் பண்ணி வேற ஏதாவது வீடியோ ஓடுதான்னு பார்த்து வெச்சுக்கோங்க. அதுக்காக ஒரு மாசம் முன்னாடியே வாங்கிடாதீங்க, ட்ரெய்னிங்ல அடிபட்டு ஃபைட் தள்ளிப் போறது பாக்ஸிங்ல சாதாரணம். வெய்-இன் (ஃபைட்டர்களோட எடை பார்க்குறது) முடிஞ்சு, ரெண்டு பேரும் எடை சரியா வந்துட்டாங்கன்னு தெரிஞ்ச அப்புறம் வாங்குறதுதான் என் கணக்குக்கு சரியான நேரம், அதாவது ஃபைட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம். அதுல ஒரு லாபமும் இருக்கு, அந்த ஃபைட் மேல உங்களுக்கே ஆசை குறைஞ்சிருந்தா அப்போ தெரிஞ்சிடும், சனிக்கிழமை ராத்திரி குரூப்ல எல்லாரும் கத்துறப்போ தெரியாது.

நண்பர்களை வீட்டுக்கு கூப்பிட்டு பத்து பேரா பங்கு போட்டா ஆளுக்கு எட்டு ஒன்பது டாலர்தான், இதை விட சல்லிசான வழி கிடையாது. ஆனா அதே வீட்டு அக்கவுண்ட்டை கடையிலயோ பார்லயோ போட்டு காட்டுனீங்கன்னா தொலைஞ்சீங்க. கமர்ஷியல் லைசென்ஸ் தனி, இடத்துல எத்தனை பேர் கொள்ளும்னு பார்த்து அதுக்கு ஏத்த மாதிரி ஃபீஸ் போடுவாங்க. லைசென்ஸ் இல்லாத பார்களுக்கு ஆளை அனுப்பி பார்க்க வெச்சு கேஸ் போடுறதையே வேலையா வெச்சிருக்குற கம்பெனிகள் அமெரிக்காவுல இருக்கு, சட்டப்படி நஷ்டஈடு ஆயிரத்துல இருந்து பத்தாயிரம் டாலர் வரை, தெரிஞ்சே லாபத்துக்காக பண்ணினா கூடுதலா லட்சம் டாலர் வரைக்கும் போகலாம்.

திருட்டு லிங்க் பத்தி நான் பெருசா சொல்ல வேண்டியதில்லை. "ஃப்ரீயா பாக்க கார்டு வெரிஃபை பண்ணு"ன்னு கேக்குற பக்கம் எதுவா இருந்தாலும் அது ஃபைட்டுக்கு வந்தது இல்ல, உங்க கார்டுக்கு வந்தது. விபிஎன் போட்டு வேற நாட்டு விலையில வாங்குறதும் விதிமுறைக்கு எதிரானது, அக்கவுண்ட் முடங்கினா கட்டின காசும் சேர்ந்து போகும்.

இப்போ நெட்ஃபிளிக்ஸ்ல தனி காசு இல்லாமயே பெரிய ஃபைட் வருது, 2024 டைசன் - ஜேக் பால், 2025 கனெலோ - க்ராஃபோர்டு. எம்எம்ஏ (கலப்பு தற்காப்புக் கலை) ஃபைட் நடத்துற யுஎஃப்சியும் 2026ல இருந்து பாரமவுண்ட் ஸ்ட்ரீமிங்குக்கு போயி அமெரிக்காவுல பிபிவியை விட்டுடுச்சு. அதனால பிபிவி செத்துடுச்சுன்னு நிறைய பேர் எழுதுறாங்க, எனக்கு அவ்ளோ நம்பிக்கை இல்ல, ஏன்னா 2018லயும் இதையே சொன்னாங்க. ஃபைட் உள்ள வந்தா அதுக்குன்னு அந்த மாசம் மட்டும் சந்தா எடுங்க, முடிஞ்சதும் கட் பண்ணுங்க, அடுத்த ஃபைட் அதே ஆப்ல வருமான்னு தேதி அறிவிக்கிற வரைக்கும் அவங்களுக்கே தெரியாது.