நாயும் பிள்ளைகளுமாக பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்கு

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் வளர்ப்பு நாயை ஏற்ற முடியாது, அதனால் சொந்தக் கார் இல்லையென்றால் செல்லப்பிராணிகளை ஏற்றும் டாக்சியை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

காலை ஒன்பதுக்கு முன்பு போவதே நல்லது. வெயில் ஏறிவிட்டால் புறங்கையைச் சில விநாடிகள் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும்.

வேலி போட்ட நாய்த் திடலில் மட்டும்தான் கயிற்றைக் கழற்றலாம். மற்ற இடங்களில், அதுவும் ஆற்றோரத்தில், பிடி தளரக் கூடாது, ஏனென்றால் அங்கே நீர்நாய்கள் வரும், குட்டிகளோடு இருந்தால் அவை நாயைக் கடிக்கவும் தயங்காது. ஒரு காலத்தில் வெறும் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆறு 2012 முதல் இங்கே வளைந்து நெளிந்து ஓடுகிறது, பிள்ளைகள் இறங்கத்தான் ஆசைப்படுவார்கள். சரி, இறங்கட்டும், ஆனால் வானம் இருண்டாலோ எச்சரிக்கை ஒலி கேட்டாலோ உடனே மேலே ஏறிவிட வேண்டும்.

அப்புறம் சாப்பாடு. வெங்காயம் போட்ட வடை, திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு ஆகாது. பிள்ளைகள் ஊட்டிவிடுவார்கள், பாட்டிகள் அதைவிட மோசம்!

கழிவை அள்ளப் பை எடுத்துக்கொள்ளுங்கள், அள்ளாவிட்டால் அபராதம் உண்டு.